பரணுக்கு வாடகை

வீட்டுக்குள் பரண் கட்டலாம் என்று முதன்முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்தப் புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். குனிந்து ஏறி, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கவேண்டிய அந்த இருட்டுக்குள் ஒரு பொருளைத் தள்ளிவிட்டால், அதைப் பற்றிய விசாரம் அன்றோடு தீர்ந்தது. வேண்டும் என்றும் சொல்லவேண்டாம்; வேண்டாம் என்றும் சொல்லவேண்டாம். முடிவு எடுக்காமல் தப்பித்துக்கொள்ள அவ்வளவு சௌகரியமான இடம் வேறு கிடையாது.

எங்கள் பரணுக்கு 2023-ஆம் வருஷம் முடிவுகாலம் வந்தது. மந்தைவெளியில் நாங்கள் 41 வருஷம் குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று, அதிலிருந்த எட்டுக் குடித்தனக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம். உள்ளே கம்பி துருவேறிப்போய், மழைக்காலம் வந்தால் கூரையிலிருந்து சிமெண்டுக் காரை பாளம் பாளமாக விழும். ஒரு தடவை நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே விழுந்தது. விமரிசகர்கள்கூட என்னிடம் அவ்வளவு நேரடியாக நடந்துகொண்டதில்லை. சென்னையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழும்பிய கட்டடங்கள் பலவற்றுக்கு இப்போது இதே தசைதான் நடக்கிறது. புது வீடு கைக்கு வர இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரையில் ஆதம்பாக்கத்தில் இரண்டு அறைகள் உள்ள வாடகை வீடு. அந்த வீட்டில் பரணே இல்லை.

சாமான்களை இறக்க ஆரம்பித்தோம். இரண்டு இரும்புப் பெட்டிகள், கால் உடைந்த சாய்வு நாற்காலி, ஆட்டுக்கல்லின் குழவி (கல்லைக் காணோம்), என் மாமனாரின் வால்வு ரேடியோ, மகள் பள்ளிக்கூடத்தில் ஓடி வாங்கிய கோப்பை, பித்தளை அண்டா ஒன்று, வெண்கலப் பானை இரண்டு, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பயந்து மேலே ஏற்றிவிட்டு அப்புறம் இறக்க மறந்துபோன ஒரு துணி மூட்டை. கடைசியாக, சுவரோரத்திலிருந்து, சணல் கயிற்றால் கட்டிய பத்துப் புத்தகக் கட்டுகள்.

அந்தக் கட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் வெளிவந்த என் நாவல் ஒன்று. 1,200 பிரதிகள் அடித்தார்கள். தமிழ்ப் புத்தகத்துக்குப் பெரிய வாடிக்கைக்காரர் நூலகம்தான். அந்த ஆணை என் நாவலுக்குக் கிடைக்கவில்லை. 1999-இல் பதிப்பாளர் தொழிலை மூடினார். நல்ல மனிதர். பேசாமல் பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒருநாள் காலையில் 460 பிரதிகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அன்றைக்குப் பரண் ஏறியவை அவை.

ஆதம்பாக்கத்துக்கு எதை எடுத்துப் போவது, எதைக் கழிப்பது என்ற பேச்சு வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். கூடத்து மூலையில் என் மனைவியின் தையல் மிஷின் நின்றது. காலால் மிதிக்கிற மிஷின். "இதுல தச்சு எத்தனை வருஷமாச்சு? இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. காயலான் கடைக்காரர் வந்து, தலையைத் தனியாகவும் காலைத் தனியாகவும் கழற்றி, 700 ரூபாய் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். புத்தகக் கட்டுகளை மட்டும் ஒருவரும் தொடக்கூடாது என்று முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தேன்.

மிஷின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிச்சச் சாமான்களை வைப்பதற்குப் புனேயிலிருந்து எங்கள் மகள் யோசனை சொன்னாள். இப்பொழுதெல்லாம் அதற்கென்றே கிடங்குகள் இருக்கின்றன. மாத வாடகைக்கு ஓர் அறை கொடுப்பார்கள். நம்முடைய பூட்டு, நம்முடைய சாவி. வேண்டும்போது போய்த் திறந்துகொள்ளலாம். ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று பெயராம். விசாரித்துப் பார்த்தேன். 1964-இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஒடெஸ்ஸா என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில் இந்தத் தொழில் ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். இன்று அந்த நாட்டில் இத்தகைய கிடங்குகள் 50,000-க்கும் மேல் இருக்கின்றன. மோட்டார் கொட்டகையில் மோட்டாரை நிறுத்த இடமில்லாமல் சாமான் நிரம்பி, அதற்கு மேலும் இருப்பதற்கு வெளியே வாடகை கொடுக்கிற தேசம். எனக்குச் சிரிப்பு வந்தது. "பரணுக்கு வாடகையா?" என்று மகளைக் கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்களும் இடம் பார்க்கக் கிளம்பிவிட்டோம்.

செங்குன்றம் பழைய காலத்திலிருந்து அரிசி மில்களுக்குப் பெயர்போன ஊர். நாங்கள் போன கிடங்கும் ஒரு காலத்தில் அரிசி மில்தான். நெல் காயப்போட்ட சிமெண்டுக் களம் அப்படியே வாசலில் விரிந்து கிடக்கிறது. லாரிகள் திரும்ப வாகாக இருக்கிறது. நெல் வேகவைத்த தொட்டியில் இப்போது மழைத் தண்ணீர். உள்ளே உயரமான ஆலைக் கூடத்தைத் தகரத் தடுப்புகள் போட்டு அறை அறையாகப் பிரித்திருக்கிறார்கள். தவிட்டு வாசனை இன்னும் முழுவதும் போகவில்லை. புதிதாக ஒரு செங்கல் வாங்காமல் ஒரு தொழிலை நடத்த முடிகிறதே என்று எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் ஓர் இளைஞர். முப்பது வயசு இருக்கலாம். முதலாளி வேறு யாரோ, இவர் சம்பளக்காரர். ஆனாலும் அந்த இடத்துக் கயிற்றுத் துண்டுவரையில் அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் உட்கார்ந்த அலுவலக மேஜையே பழைய தையல் மிஷினின் இரும்புக் கால்களின்மேல் கதவுப் பலகை ஒன்றைப் போட்டுச் செய்தது. "காயலான் கடையில வாங்கினதுங்க ஐயா. நூறு வருஷத்துக்கு அசையாது" என்றார். நான் வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். எண்பது சதுர அடி அறைக்கு மாதம் 4,500 ரூபாய் கேட்டார்.

"பெட்டி எத்தனை வேணும்?" என்று ஒரு குவியலைக் காட்டினார். எல்லாம் ஏற்கெனவே வேறு வீடுகளுக்குப் போய்வந்த அட்டைப் பெட்டிகள். ஒன்றன்மேல் ‘பூஜை சாமான்’ என்று எழுதி அடித்து, ‘பாப்பா பொம்மை’ என்று எழுதி அடித்து, மூன்றாவதாக ‘மிக்ஸி, குக்கர்’ என்று எழுதியிருந்தது. நாலாவது எழுத்து எங்களுடையது.

அந்த அட்டையின் ஜாதகத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். இரண்டு தட்டைத் தாள்கள், நடுவே அலைபோல் மடித்த ஒரு தாள், ஒட்டுவதற்கு ஸ்டார்ச்சுப் பசை; அவ்வளவுதான் பெட்டி. நம் நாட்டில் இந்தப் பழுப்புத் தாள் பெரும்பாலும் பழைய பேப்பரிலிருந்தே வருகிறது. பழைய பேப்பரைத் தண்ணீரில் போட்டுக் கடைந்து கூழாக்குகிறார்கள். ஊசி, பிளாஸ்டிக், பசை எல்லாம் கழிவாக ஒதுங்குகின்றன. ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் நார் கொஞ்சம் குட்டையாகிறது. ஐந்தாறு தடவைக்குமேல் அதில் சத்து இருக்காது. "அதனாலதான் ஐயா, பெட்டியைக் கூழாக்கறதுக்கு முந்தி பெட்டியாவே எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை ஓட்டணும். கூழாக்கத் தண்ணி வேணும், நெருப்பு வேணும். மடிச்சு வைக்கறதுக்கு ஒண்ணும் வேணாம்." ஒட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை அவர் சிக்கனமாகத்தான் கொடுக்கிறார். கனமில்லாத பெட்டிகளுக்குத் தேங்காய் நார்க் கயிறு.

கண்ணாடிச் சாமான்களைச் சுற்ற எல்லோரும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளைக் கேட்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். காய்கறிக் கடைக்காரரிடம் அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறோம். வீடு மாற்றுகிற ஒரே நாளில் முழம் முழமாகச் சுற்றிக் கிழித்தெறிகிறோமே, அதை யார் நினைக்கிறார்கள்? இவர் அதையும் குமிழ் உடைகிற வரையில் விடுவதில்லை. ஆனால் அவருக்குப் பிடித்தது பழைய பருத்திப் புடைவைகள். வாடிக்கைக்காரர்களிடம் கேட்டு வாங்கி, துவைத்து, அடுக்கி வைத்திருக்கிறார். என் மாமனாரின் ரேடியோ யாரோ ஒரு பாட்டியம்மாளின் சுங்குடிப் புடைவையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

அறைகளில் சாமான்கள் தரையில் நிற்பதில்லை. துறைமுகத்துக்கு வந்திறங்கும் சரக்குகளுக்கு அடியில் மரச் சட்டங்கள் வைத்து அடித்த தட்டுகள் வருகின்றனவே, பேலட் என்பார்கள், அவற்றை மலிவாக வாங்கிப் போட்டிருக்கிறார். அதிலும் ஒரு பொறுக்கு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை உண்டு. ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பாகம்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்துப் பூச்சியைக் கொன்றது என்று அர்த்தம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. ஆகாயத்து ஓசோன் படலத்தைத் தின்கிற சரக்கு அது. எம்.பி. முத்திரை போட்ட தட்டை அவர் வாசலுக்குள் விடுவதில்லை. கூரையில் மின்சாரமே இல்லாமல் காற்றில் சுற்றும் உருண்டை விசிறிகள். நடைபாதையில் ஆள் நடந்தால் எரிந்து, போனால் அணைகிற விளக்குகள். புத்தகமும் துணியும் வைத்திருப்பவர்களுக்கு, பாச்சை உருண்டைக்குப் பதில் வேப்பிலையும் வசம்பும் முடிந்த சின்ன முடிச்சு ஒன்று இனாம்.

"ஏன் தம்பி இவ்வளவு பாடு? முதலாளி சொன்னாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நான் பொறந்தது கொடுங்கையூரும்மா. மாடியில நின்னா மலை தெரியும். வெளியூர்ச் சொந்தக்காரங்க பாத்துட்டு என்ன மலைன்னு கேப்பாங்க" என்றார். 300 ஏக்கருக்கும் மேல் பரந்த குப்பைமேடு அது. எண்பதுகளிலிருந்து வடசென்னையின் குப்பை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கோடையில் தீப்பிடித்தால் புகை. "எங்கம்மா மூட்டின சாம்பிராணி வாசனை எனக்கு ஞாபகம் இல்லம்மா. அந்தப் புகை ஞாபகம் இருக்கு. எங்க பக்கம் போட்டா கொடுங்கையூர். உங்க பக்கம் போட்டா பெருங்குடி. தூக்கிப் போடறதுன்னு சொல்றமே, இன்னொருத்தர் பக்கத்துல கொண்டுபோய் வைக்கறதுதானே அது?"

பெருங்குடியின் பக்கத்தில் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் அதை உலகம் மதிக்கவேண்டிய நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நாற்பத்தொரு வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் நாங்கள் என்னென்ன அனுப்பியிருப்போம் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சாமான்களை வைத்துப் பூட்டிக்கொண்டு வந்தோம். மாதா மாதம் வாடகை போயிற்று. டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. எனக்கு வீட்டுக் கவலையைவிடப் புத்தகக் கட்டுகளின் கவலைதான் அதிகமாக இருந்தது. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் செங்குன்றத்துக்கு ஓடினோம். களம் முழுவதும் அட்டைகள். விரித்துப் பிரித்து, நெல் காய்ந்த இடத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கிடங்குக்குள் நாலு விரற்கடை தண்ணீர் வந்திருக்கிறது. நடைபாதையில் இறக்கி வைத்திருந்தவையும், அவசரத்தில் தரையில் வைத்துப் பூட்டிப் போனவர்களின் பெட்டிகளும் ஊறிவிட்டன. அட்டை நனைந்தால் பசை விட்டுத் தாள் தாளாகக் கழன்றுகொள்கிறது. ஈர அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்கமாட்டார். தண்ணீருக்கு எடை போட அவர் என்ன ஏமாளியா? ஆகையால் இளைஞரும் இன்னும் இரண்டு பேரும் மூன்று நாளாகப் புரட்டிப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் ஒரு சொட்டு ஏறவில்லை. பேலட் தாங்கியிருந்தது. என் பத்துக் கட்டுகளும் பத்திரம்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்தக் கட்டுங்களைச் சுவத்துல ஒட்டி வைக்க முடியாது. மேலயும் ஒண்ணும் அடுக்க முடியாது. ஒரு பேலட் பூரா இதுக்கே போவுது. இது இல்லேன்னா உங்களுக்குச் சின்ன அறை போதும். மாசம் 1,700 ரூபா மிச்சம்" என்றார் இளைஞர்.

அந்த நாவலுக்கு மொத்தமாக எனக்குக் கிடைத்த சன்மானம் 2,800 ரூபாய். இரண்டு மாத வாடகைக்குக் காணாது.

எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. அதை வேறு பக்கம் திருப்பினேன். "உங்க தொழிலே ஜனங்க வேண்டாததை விட மனசில்லாம வெச்சிருக்கறதுலதானே நடக்குது? பெட்டியையும் கயித்தையும் சிக்கனம் பண்ணி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பக்கத்து அறைகளைக் காட்டினார். ஒரு அறையில் கட்டில், அலமாரி, குளிர்பெட்டி. வீடு இடித்துக் கட்டுகிறவர்களுடையது. இங்கே இடம் இல்லாவிட்டால் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக வாங்கியிருப்பார்கள். இன்னொரு அறையில் கல்யாணச் சமையல்காரர் ஒருவரின் அண்டாக்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் இங்கே இருந்து, மறுபடி தையில் அடுப்பேறும். "இதெல்லாம் திரும்பிப் போற சாமான் ஐயா. திரும்பிப் போகாத சாமானுந்தான் இருக்கு. வாங்க, காட்டறேன்."

கூடத்தின் கடைசியில் ஓர் அறை. வாடகைக்கு எடுத்தவர்கள் வெளிதேசம் போனார்கள், ஒரு வருஷம் பணம் வந்தது, பிறகு நின்றது. கடிதம், தொலைபேசி, மறுபடி கடிதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியபடி எல்லாம் செய்தாயிற்று, பதில் இல்லை. திறந்து கழித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு போக்கிடம் இருக்கிறது. இரும்பு காயலான் கடைக்கு. பழைய டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் மின்கழிவு எடுக்க உரிமம் வாங்கியவர்களுக்கு. அவற்றில் ஈயமும் இன்னும் என்னென்னவோ விஷமும் உண்டு, கண்டபடி உடைக்கக்கூடாது. பருத்தி மெத்தையைப் பஞ்சுக்காரர் பிரித்துத் திரும்ப அடிப்பார். பாத்திரமும் குழந்தை சைக்கிளும் வாசல் பெஞ்சிக்கு. வாசலில் ஒரு நீள பெஞ்சி போட்டிருக்கிறார். அதில் வைத்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், பணம் கிடையாது.

"இது ஒண்ணுக்குத்தான் போக்கு இல்ல ஐயா" என்று ஓர் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே போட்டோ ஆல்பங்கள். பதினொன்று இருந்தன. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, பழனி மொட்டை. ஒவ்வொன்றும் கேட்பாரற்றுப்போன ஒவ்வோர் அறையிலிருந்து வந்தது. "வண்ணப் போட்டோத் தாள் ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. தண்ணியில கூழாவாது. பேப்பர்காரர் எடுக்க மாட்டார். பெஞ்சியில வெச்சா யார் எடுப்பாங்க? குப்பையில போட…" என்று நிறுத்தினார். பிறகு, "முதலாளிக்குத் தெரியாது. இந்த அலமாரிக்கு வாடகை இல்ல" என்றார்.

என் மனைவி ஒரு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். யாரோ ஒரு பெண் பட்டுப்பாவாடையில் முறைத்துக்கொண்டு நின்றது. "எடுக்கற நேரத்துல சிரின்னு சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தாள்.

அன்று ராத்திரி ஆதம்பாக்கத்தில் தூக்கம் வரவில்லை. மிஷின் கணக்கு அப்பொழுதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதாவது, அதுவரையில் அதைப் பரணில் போட்டு வைத்திருந்தேன். 1987-இல் நான் காப்பீட்டு அலுவலக வேலையை விட்டேன். முழு நேரமும் எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆறு மாதத்தில் அந்த மிஷின் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை. ஒன்றுக்கு ஆறு ரூபாய் கூலி. தீபாவளி சமயத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை. நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று இரண்டொரு தடவை சொல்லியும் இருக்கிறேன். மிஷினுக்கடியில் பழைய துணியை மடித்து வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தைத்தாள். ஏழு வருஷம். அந்த நாவலின் 300 பக்கங்களும் அந்தச் சத்தத்தில் எழுதியவை.

மறு மாதம் கட்டுகளைப் பிரித்தேன். எனக்குப் பத்துப் பிரதிகள், மகளுக்கு இரண்டு; ஐம்பதை அங்கங்கே உள்ள படிப்பகங்களுக்கும் சில நண்பர்களுக்கும் அனுப்பினேன். நாற்பதை வாசல் பெஞ்சியில் வைக்கச் சொன்னேன். பாக்கியைச் செங்குன்றத்துப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மேலட்டை பளபளப்பான பிளாஸ்டிக் ஒட்டியது, கூழாகாது என்று ஒவ்வொன்றாகக் கிழித்துத் தனியே போட்டார். அட்டை போன பிறகு அது யார் எழுதியது என்று தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் உதவியாகவும் இருந்தது. 118 கிலோ. கிலோ 10 ரூபாய். கையில் 1,180 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "சார் புக்கு கடை வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பெஞ்சியில் வைத்ததில் மூன்று வாரத்தில் பதினாறு போயிருந்தது. சமையல்காரரின் ஆள் ஒருவர் இரண்டு எடுத்துப் போனாராம். படிக்கவா, பொட்டலம் மடிக்கவா என்று நான் விசாரிக்கவில்லை.

சின்ன அறைக்கு மாறுகிற அன்று அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். இளைஞர் புது ரசீது எழுதிக்கொண்டிருந்தார். லேசாக ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் என் மனைவியின் பாதங்கள் மிதிபலகைமேல் இருந்தன. முன்னும் பின்னுமாக அழுத்திக்கொண்டிருந்தாள். வார் இல்லாத சக்கரம் சும்மா சுற்றிற்று. முதல் தடவை வந்தபோதும் இப்படித்தான் மிதித்தாளோ என்னவோ. நான் அன்றைக்கு வாடகை பேசிக்கொண்டிருந்தேன்.

இளைஞரும் பார்த்துவிட்டார். "அம்மா, வேணும்னா சொல்லுங்க. பலகையை எடுத்துட்டு ஸ்டாண்டைக் குடுத்துடறேன். தலை எங்கனாச்சும் பழசு கிடைக்கும், நானே தேடித் தரேன்."

"வேணாம் தம்பி. மேஜையாவே இருக்கட்டும். எனக்கு இப்ப ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியறதில்ல" என்றாள்.

"நான் கோத்துத் தரேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பேரை ஒழுங்கா எழுதச் சொல்லுங்க. போன தடவை தப்பா எழுதியிருந்துது" என்றாள். அவர் ரசீதை அடித்துத் திருத்தி, தேதி போட்டு, கிழித்துக் கொடுக்கிற வரையில் கீழே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.